உருப்படிக் கணக்கில் சேவலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காப்பி, மிளகு. பங்குனியில் ஆறு கோழியை அடை வைத்துப் பொரித்த குஞ்சில் இப்போது 62 நிற்கிறது. 28 சேவல், 34 வெடை, அதாவது இளம் பெட்டை. அஞ்சு மாசம் முடிந்துவிட்டது. சேவல் ஒண்ணே முக்கால் கிலோ வரும் என்று நினைக்கிறேன். சேலத்தில் உயிரோடு கிலோ 400 என்கிறார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள், "பிராய்லர் இதில் பாதி விலைதானே, தோட்டத்தில் மேய்கிற கோழிக்கு என்ன செலவு" என்று கிலோ 250-க்குக் கேட்கிறார்கள். கீழேயிருந்து வரும் வியாபாரி எடை பார்க்காமல் உருப்படி 350 தருகிறேன், மொத்தமாக ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். ஆடியிலேயே கொடுத்திருக்கலாம். விலை இன்னும் ஏறும் என்று வைத்திருந்தேன். என்ன விலை சொன்னால் பேரம் பேசாமல் வாங்குவார்கள்?

பதில்: அப்படி ஒரு விலை கிடையாது, சகோதரி. 250 என்று சொல்லிப் பாருங்கள், 200-க்குக் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்தச் சேவல்கள் எந்தத் தேதிக்குள் வீட்டை விட்டுப் போக வேண்டும்? இப்போது ஆவணி பாதி தாண்டிவிட்டது. புரட்டாசி பிறந்தால் சேலத்தில் பாதி வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். வியாபாரி இந்தச் சமயம் பார்த்து மலையேறி வருவது தற்செயல் இல்லை. உங்களிடம் தீனி தின்றுகொண்டு நிற்கும் 28 சேவல் இருக்கிறது, காலண்டரில் மூன்று வாரம்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

விலைக்கு வருவதற்கு முன் ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத சொல், "நினைக்கிறேன்". சேவல் ஒண்ணே முக்கால் கிலோ வரும் என்று நினைப்பவர், கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடும் வியாபாரியிடம் பேரத்தில் ஜெயிக்கவே முடியாது. அவர் தினமும் நூறு கோழி தூக்குகிறவர். உருப்படி 350 என்று சொல்லிவிட்டு, முதலில் எதைப் பிடிப்பார் என்று பாருங்கள். 1.8 கிலோ சேவலைத்தான். அது அவருக்குக் கிலோ 194 ரூபாய்க்கு விழுகிறது. கடைசியில் மிஞ்சும் ஒரு கிலோ வெடைகளைக் காட்டி, "இதெல்லாம் பொடிசு, 250 போட்டுக்கலாம்" என்பார். உருப்படிக் கணக்கு என்பதே எடை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடக்கிற வியாபாரம்.

ஆகவே முதலில் ஒரு தராசு வாங்குங்கள். கொக்கி மாட்டித் தொங்கவிடும் எலெக்ட்ரானிக் தராசு போதும். பத்து கிராம் வரை காட்ட வேண்டும். தொழிலாளர் துறை முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கி, ஆண்டுக்கொரு முறை முத்திரையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தராசு வேண்டாம். நாளாக ஆகச் சுருள் தளர்ந்துவிடும், முள் பூஜ்யத்தில் நிற்காது. வியாபாரி வண்டியிலிருந்து எடுக்கும் ஸ்பிரிங் தராசு என்றால் எட்டிப் பார்க்கவே தேவையில்லை, மறுத்துவிடுங்கள்.

எடை போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் கோழி படபடக்கும், எண் 1.55, 1.72 என்று ஓடும், வாங்குகிறவர் குறைந்த எண்ணைச் சொல்வார், நீங்கள் கூடின எண்ணைச் சொல்வீர்கள். ஒரு கெட்டித் துணிப்பையைக் கொக்கியில் மாட்டி, பையோடு சேர்த்துப் பூஜ்யம் செய்துவிட்டு, கோழியை உள்ளே விட்டு வாயைச் சுருக்கிப் பிடியுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும், எண்ணும் நின்றுவிடும். முதல் கோழியைப் போடுவதற்கு முன், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றை அதே பையில் போட்டு வாங்குகிறவர் கண் முன்னாலேயே காட்டுங்கள். அரை நிமிஷ வேலை. எடையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த சண்டை தீனிப்பை, கோழியின் கழுத்தடியில் தின்றது தங்கும் பை. "வயிறு முட்டத் தீனி போட்டு எடை ஏத்திட்டீங்க, கோழிக்கு 100 கிராம் கழிச்சுக்கணும்" என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. நிறைந்த தீனிப்பையில் 50 முதல் 100 கிராம் வரை இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணியோடு தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். காலை ஏழு மணிக்கு, திறந்துவிடும் முன் எடை போட்டால் தீனிப்பை காலி. கழுத்தடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மதியம் வருகிறவருக்கும் காலை எடைதான். காலில் ஒரு ரப்பர் வளையமோ கலர்த் துணியோ கட்டி, நோட்டில் எழுதி வையுங்கள்.

இதே தராசுதான் எப்போது விற்க வேண்டும் என்பதையும் சொல்லும். ஐந்து சேவலுக்கு அடையாளம் போட்டு, வாரம் ஒருநாள் காலையில் எடை போடுங்கள். மேய்ச்சல் போக நீங்கள் கொடுக்கும் தீனி நாளுக்கு 60 கிராம் என்று வைப்போம். கிலோ 30 ரூபாய்க் கலவை என்றால் வாரத்துக்குச் சுமார் 12 ரூபாய் 60 காசு. கிலோ 400 விலையில் அந்தக் காசு திரும்ப வர, சேவல் வாரத்துக்கு 32 கிராமாவது ஏற வேண்டும். ஐந்து மாதம் வரை தாராளமாக ஏறும். ஆறாவது மாதத்தில் தளரும். அதற்கப்புறம் கொண்டை சிவக்கும், கூவும், சண்டை போடும், வெடையைத் துரத்தும், கறி ஏறாது. "தீபாவளிக்கு நல்ல விலை கிடைக்கும்" என்று இரண்டு மாதம் வைத்தால் ஒரு சேவல் 108 ரூபாய்க்குத் தின்னும், கால் கிலோ கூடினால் அதிசயம். அந்தக் கால் கிலோவுக்கு 100 ரூபாய். இடையில் ஐப்பசி மழையும் மலைப் பனியும் சேர்ந்து ஒரு கழிச்சல் வந்தால் அதுவும் இல்லை.

இப்போது உங்கள் அடக்க விலை. முட்டை 12 ரூபாய், பொரிக்காமல் போனதையும் சேர்த்தால் குஞ்சு ஒன்று 20. முதல் எட்டு வாரம் ஒண்ணேகால் கிலோ குஞ்சுத் தீனி, 55. அதற்குப் பிறகு 12 வாரத்துக்கு நாளுக்கு 50 கிராம் கணக்கில் நாலு கிலோ சொச்சம், 126. தடுப்பூசி, குடற்புழு மருந்து 10, குஞ்சுப் பருவத்தில் மலைக்குளிருக்கு பல்பும் கரியும் 10. செத்த குஞ்சுகள் தின்றது 20. ஆக 241 ரூபாய். இதில் உங்கள் உழைப்பு இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் போட்டால் 150 நாளில் 7,500. 62 கோழிக்குப் பிரித்தால் தலைக்கு 121. மொத்தம் 362. அந்த உருப்படி 350 உங்கள் அடக்கத்துக்கும் பன்னிரண்டு ரூபாய் கீழே. தோட்டத்தில் மேய்கிற கோழிக்கு என்ன செலவு என்று கேட்டவருக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். உங்கள் விலைகள் இதிலிருந்து கொஞ்சம் மாறலாம், நோட்டில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீனிச் செலவைக் குறைக்கிறேன் என்று மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியை மூட்டையாக வாங்கி வந்து கொட்டுகிற பழக்கம் சேலத்துக்காரர்களுக்கு உண்டு. ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கோழி அதில் வளராது. மாவும் நாரும்தான், புரதம் பேருக்குத்தான். தீனிப்பை நிறையும், நெஞ்சுக் கறி வராது. திப்பி தின்ற சேவலைத் தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தும். பேரம் பேசுகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது அங்கேதான். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் அதே ரகம், அதைவிட மோசம்.

சரி, விலை. 28 சேவலில் இனப்பெருக்கத்துக்கு நாலை நிறுத்துங்கள், பத்து வெடைக்கு ஒன்று என்றால் மூன்று போதும், ஒன்று உபரி. மிச்சம் 24. வீட்டு வாசலில் கிலோ 380. ஐந்துக்கு மேல் எடுத்தால் 340. மொத்தமாகப் பணம் வைத்து எடுக்கும் வியாபாரிக்கு 320, ஆனால் உங்கள் தராசில். இந்த மூன்றையும் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். சராசரி 1.7 கிலோ என்றால் வியாபாரி விலையிலேயே ஒரு சேவல் 544 வருகிறது, அவர் சொன்ன 350 அல்ல. அட்டையில் உள்ளதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்காதீர்கள். இறங்கினால் அடுத்த ஞாயிறு அப்படி வாங்கினவர் சொல்லி நாலு பேர் அந்த விலைக்கே வருவார்கள். மனசு கேட்கவில்லையென்றால் விலையைத் தொடாமல் நாலு முட்டை கொடுங்கள்.

முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டு கறுப்புச் சேவல், செஞ்சேவல் என்று நிறம் பார்த்துக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் விலக்கு. அங்கே எடைக்கு வேலை இல்லை, கொண்டையும் வாலும் பழுதில்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உருப்படி விலையே சொல்லுங்கள், எடைக் கணக்கைவிடக் கூடுதலாக.

வெடைகளை இந்தச் சந்தடியில் கொடுத்துவிடாதீர்கள். கேட்பார்கள், முட்டைக் கருவோடு இருக்கும் வெடைக்கு ருசி அதிகம் என்று தனியாகவே கேட்பார்கள். 1.2 கிலோ வெடை கறிக் கணக்கில் 450 ரூபாய்தான். அவளே வருஷத்துக்கு மூன்று நாலு ஈத்து, ஈத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டை இடுவாள், ஒரு ஈத்தை அடைகாத்துக் குஞ்சும் தருவாள். நொண்டி, கூன், வளராதது என்று நாலைக் கழித்துவிட்டு முப்பதை வையுங்கள்.

காரில் வருகிறவர்களிடம் பிராய்லரைப் பற்றி வாதாட வேண்டாம். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ ஆகிற பறவையும் ஐந்து மாதத்தில் ஒன்றே முக்கால் ஆகிற பறவையும் ஒரே விலைக்கு வராது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் சொல்லாத கேள்வி, கறி எவ்வளவு தேறும், வேகுமா என்பது. ஒன்றரைக் கிலோ உயிர் எடைக்கு மஞ்சள் தடவி வாட்டிய கறி ஒரு கிலோ கிடைக்கும் என்று நேராகச் சொல்லுங்கள். நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்திக் காட்டுங்கள், இளசாக இருந்தால் வளையும், முற்றினது கட்டையாக நிற்கும். இரண்டு வருஷத்துக் கிழட்டுக் கோழியை இளஞ்சேவல் விலையில் தள்ளிவிட்டால் குக்கரில் எட்டு விசில் விட்டும் வேகாது, அந்த வீட்டுக்காரர் திரும்ப வரமாட்டார். கிழடைத் தனியாக, விலை குறைத்து, ரசத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

உங்களுக்கு உண்மையான போட்டி பிராய்லர் இல்லை, கிராஸ் கோழி, அதாவது கலப்பினம். கலர் கலராக இருக்கும், எண்பது நாளில் ஒன்றரைக் கிலோ வரும், சேலத்தில் பல கடைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் அதுதான் தொங்குகிறது. வண்டியில் மைக் கட்டி "ஒரிஜினல் நாட்டுக்கோழிக் குஞ்சு" என்று விற்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பதும் இதே. அந்தக் குஞ்சை வாங்கி உங்கள் மந்தையில் கலந்துவிட்டால், அடை உட்காராத பெட்டைகள்தான் மிஞ்சும், வாசலில் 380 சொல்ல வாயும் வராது. "குஞ்சும் நாங்களே தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வருகிறவர்களுக்கு ஒரே பதில்: 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் கட்டி ஏமாந்தவர்களைப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த முறை ஒரே சமயத்தில் ஆறு கோழியை அடை வைக்காதீர்கள். ஆடி விற்பனைக்கு மாசி நடுவில் பொரிந்த குஞ்சு வேண்டும், தீபாவளிக்கு வைகாசிக் குஞ்சு. இடையில் பதினைந்து நாளுக்கு ஒரு கோழி என்று வையுங்கள். கையில் எப்போதும் ஏழெட்டுச் சேவல்தான் விற்பனைக்கு நிற்கும், வாங்குகிறவருக்கு உங்களை அவசரப்படுத்த ஒன்றும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் குஞ்சு பொரிக்கவே வேண்டாம். ஈரக் கூளமும் ரத்தக் கழிச்சலும் பாதியைக் கொண்டுபோய்விடும்.

புரட்டாசிக்குள் 24-ம் போகாவிட்டால் பதற வேண்டாம். ஏற்காட்டிலேயே புரட்டாசி பார்க்காத குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, சனிக்கிழமைக்குள் ஆர்டர் கேட்டு வைத்து ஞாயிறு காலை கொடுங்கள். கொங்கணாபுரம் சனிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அவ்வளவு தூரம் போனால் கிலோவுக்கு முப்பது ஐம்பது கிராம் எடை வழியிலேயே இறங்கிவிடும், பஸ் செலவு வேறு. போவதானால் பத்துக் கோழிக்குக் குறையாமல், மூங்கில் கூடையில், விடியலில் கிளம்புங்கள்.

சந்தையில் விற்காமல் திரும்பிய கோழியை மந்தையோடு விடாதீர்கள். இரண்டு வாரம் தனியாக, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் அடையுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. வெள்ளைக்கழிச்சல் வீட்டுக்குள் வருகிற வழிகளில் முக்கியமானது அது. இன்னொன்று வியாபாரியின் கூண்டு. ஊரெல்லாம் சுற்றிவிட்டு எச்சம் காய்ந்த கூண்டோடு வாசலுக்கு வருவார். வண்டி ரோட்டிலேயே நிற்கட்டும், கோழியை நீங்கள் பிடித்து உங்கள் பையில் எடை போட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எட்டாம் வாரத்தில் போட வேண்டிய ஆர்டிவிகே ஊசியை, அதாவது வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைப் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் நிறுத்தப்போகும் முப்பது வெடைக்கும் நாலு சேவலுக்கும், முதலில் குடற்புழு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து, ஏற்காடு கால்நடை மருந்தகத்தில் கேட்டு இறக்கைக்கடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி போட்டுவிடுங்கள். விற்கப்போகும் சேவலுக்கு இப்போது எந்த மருந்தும் வேண்டாம்.