ஆகஸ்ட் விடுப்பில் ஆர்கெஸ்ட்ரா: இரண்டாம் வயலினுக்கே விண்ணப்பியுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையிலிருந்து லீட்ஸுக்கு வந்து ஓராண்டு ஆகிறது என்றும், சிறுவயதில் கர்நாடக வயலினும் பின்னர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் ஏழாம் கிரேடு வரை மேற்கத்திய வயலினும் கற்றிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆகஸ்டில் கிடைக்கும் ஒரு வார விடுப்பை அமெச்சூர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் வாசித்துக் கழிக்க முடியுமா, நம்மைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது உங்கள் கேள்வி. தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். புல்லாங்குழல்காரர் என்றால் இரண்டு நாற்காலிகளுக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். வயலினுக்கு இருபது பேர் வந்தாலும் இடம் உண்டு.

இங்கிலாந்தின் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்கள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கிக் கோடையின் தொடக்கம் வரை வாரம் ஒரு மாலை ஒத்திகை வைத்து, ஆகஸ்டில் கடையை மூடிவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே விடுமுறை இசைப் பயிற்சிகள் உள்ளன. லண்டனுக்கு வடக்கே ஹிட்சினில் இருக்கும் பென்ஸ்லோ மியூசிக், பெரியவர்களுக்கான தங்கும் பயிற்சிகளை ஆண்டு முழுவதும் நடத்துகிறது. வேறு சில அமைப்புகள், கோடையில் காலியாகக் கிடக்கும் உறைவிடப் பள்ளிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. காலையில் வயலின்கள் தனியாக, ஊது கருவிகள் தனியாக ஒத்திகை; பிறகு எல்லோரும் சேர்ந்து; கடைசி நாளில் ஒரு கச்சேரி. தங்குமிடம், சாப்பாட்டோடு பல நூறு பவுண்டுகள் ஆகும் என்பதை மறைக்கவில்லை. வீட்டிலிருந்தே போய்வரக் கூடிய பயிற்சி அருகில் கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். சைவம் என்றால் படிவத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். விசாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: இது வேலையன்று, வாசிப்பதற்கு நமக்கு யாரும் பணம் தருவதில்லை, நாம்தான் தருகிறோம்.

உங்கள் கிரேடு சான்றிதழைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள். நான் சொல்ல விரும்பும் எச்சரிக்கை வேறு. கர்நாடக வயலினில் வளர்ந்தவர்களுக்குப் பக்கவாத்தியப் பழக்கம் கையில் ஊறியிருக்கும்: பாடகர் ஒரு பிடியைப் பாடி முடிக்கும் முன்பே, ஒரு நூலிழை பின்னால், நிழலாகத் தொடர்ந்து போவோம், அந்தச் சிறு தாமதத்தை நம் சபாக்களில் யாரும் குறையாகச் சொல்வதில்லை, அது நேர்த்தியாக இருந்தால் தலையாட்டவும் செய்வார்கள். ஆர்கெஸ்ட்ராவில் அதே பழக்கம் உங்களை ஒவ்வொரு நுழைவிலும் பிந்த வைக்கும். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது காதில் விழுந்த பிறகு நீங்கள் வில்லை வைத்தால், அப்போதே தாமதமாகிவிட்டது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும்போது முன்வரிசையின் ஒலி உங்களை அடையவே கொஞ்சம் நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே, எப்போது நுழைவது என்பதைக் கண் தீர்மானிக்க வேண்டும்: ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கோல், முன்வரிசையில் இருந்து வயலின்களை வழிநடத்தும் லீடரின் வில், இவை இரண்டும் பார்வையின் ஓரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சுருதியும் ஒலியின் அளவுமே காதின் பொறுப்பு. இதை எந்தக் கிரேடுத் தேர்வும் கற்றுத் தருவதில்லை, ஏனென்றால் அங்கே நாம் தனியாகவோ, நம்மை அனுசரித்துப் போகும் பியானோவோடோதான் வாசிக்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி அமெச்சூர்களுக்கு மிகவும் பிடித்த படைப்பு. (இங்கிலாந்துக்கு அதோடு பழைய உறவும் உண்டு: 1891-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தபோது அவரே அங்கே அதை நடத்தினார், மறு ஆண்டு அச்சிட்டதும் லண்டன் பதிப்பகமான நொவெல்லோதான்.) அது செல்லோக்களின் ஜி மைனர் மெட்டோடு தொடங்குகிறது, வயலின்கள் தங்கள் முறை வரும்வரை பார்களை (தாள அளவுகளை) எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தாளம் போட்டுப் பழகிய நம் கை தொடையில் தானாக எழும். ஷூவுக்குள் கால்விரலால் எண்ணப் பழகிக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது. சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களின் வேகமான அதிர்வு) எழுப்பி முழங்கும் இடத்திலோ, பக்கத்து வயலினை விடுங்கள், உங்கள் வயலினே உங்களுக்குக் கேட்காது. அங்கே காதை நம்பியிருப்பவர் தொலைந்தே போவார். கோலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கரைசேர்வார்.

இதனால்தான் விண்ணப்பத்தில் முதல் வயலின் என்று போடாமல் இரண்டாம் வயலின் என்று போடச் சொல்கிறேன். அதைத் தாழ்ந்த இடம் என்று நினைப்பவர்கள் நம்மவர்களில் அதிகம். முதல் வயலினுக்கு மெட்டு இருக்கிறது. மெட்டு உள்ளவர் அதிலேயே மூழ்கிப்போகலாம். இரண்டாம் வயலினுக்கு மெட்டுக்கு அடியில் ஓடும் உள்குரல்கள், ஒரே சுரத்தின் அடுக்குகள், தாளத்திற்கு எதிராக விழும் அடிகள். பிறரைப் பார்க்காமல் அதை வாசிக்கவே முடியாது. இடக்கை மேலேறிப் பிடிக்க வேண்டிய உயரமான பொசிஷன்களும் குறைவு என்பதால் இசை நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

நோட்டு வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர். மேடையின் உள்பக்கம் அமர்பவர் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அதற்காக அவர் கடைசி ஓரிரு பார்களை விட்டுவிட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வில் மேலா கீழா என்பதை லீடர் தீர்மானிப்பார். அந்த முடிவு ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் பின்னால் கசிந்து வரும். இடைவேளையில் தேநீரோடு அதைக் குறித்துக்கொள்ளும் மென்மையான பென்சிலும் ரப்பரும் இல்லாமல் போகாதீர்கள்; பேனா கூடவே கூடாது, நோட்டு வாடகைக்கு வந்ததாக இருக்கும். என் பக்கத்தில் வாசித்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், கண்டக்டர் வேகத்தை மாற்றும் இடங்களிலெல்லாம் நோட்டின் மேல் ஒரு சிறிய மூக்குக்கண்ணாடி வரைந்து வைப்பார். இங்கே அது எல்லோரும் அறிந்த குறி: நிமிர்ந்து பார் என்று பொருள்.

தொலைந்துவிட்டால் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த பெரிய நுழைவு வரை காத்திருங்கள். சத்தமில்லாமல் விடும் பத்து சுரங்கள் யாருக்கும் தெரியாது. எல்லோரும் நிறுத்திய இடத்தில் தனியாக ஒலிக்கும் ஒரு சுரம் மண்டபம் முழுக்கக் கேட்கும். இன்னொன்று, விரலைச் சறுக்கிச் சுரத்தைத் தொடும் நம் வழக்கத்தை முதல் நாளிலேயே கட்டிப்போடுங்கள். பத்துப் பேர் நேராக வைக்கும் சுரத்தில் ஒரு கமகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுருதிப் பிசகாகவே கேட்கும்.

நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்தவுடன், காப்புரிமை முடிந்த படைப்புகளின் நோட்டுகளை ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். த்வோர்ஷாக் 1904-இலேயே மறைந்துவிட்டார் என்பதால் தடை ஏதுமில்லை. உங்கள் பகுதியை மட்டும் சாதகம் செய்யாமல், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே அதை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். கோடைப் பயிற்சிகளுக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பத் தொடங்கும், அதனால் விடுப்பை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கச்சேரிக்குக் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போதும். கோட்டு வாங்க வேண்டியதில்லை.