வேர் சிகிச்சைப் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு ஆபத்தானதா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு மாதங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்துகொண்டேன். வலி முற்றிலும் நின்றுவிட்டது. ஆனால், வேர்க்குழாயை அடைக்கும் பசையிலிருந்து புற்றுநோயை உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது என்று படித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. பல்லைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம். நீங்கள் படித்தது முழுப் பொய் அல்ல. ஆனால் எந்தப் பசை, எவ்வளவு, எத்தனை நாள்களுக்கு என்ற மூன்று விவரங்களும் அதில் விடுபட்டிருக்கின்றன.

வேர்க்குழாயை நிரப்புவதில் பெரும்பங்கு கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் ஆன மெல்லிய குச்சிகளுடையது. அந்தக் குச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா. மிகுதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. குச்சிக்கும் குழாயின் சுவருக்கும் இடையில் எஞ்சும் நூலிழை இடைவெளியை நிரப்பத்தான் சீலர் என்னும் பசை தேவைப்படுகிறது. அது இறுகும்வரைதான் வேதிப்பொருள்கள் அதிகமாக வெளியேறும்.

ஃபார்மால்டிஹைடு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏஎச் 26 என்ற பழைய எபாக்சி வகைச் சீலரிலிருந்து வந்தது. அதில் இறுக்கியாகச் சேர்க்கப்படும் ஹெக்சமின் சிதையும்போது ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. கலந்த முதல் இரண்டு நாள்களில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் குறைந்துவிடுகிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவோருக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படுவதும் இதே ஹெக்சமின்தான் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பின்னர் வந்த ஏஎச் பிளஸ் வகையில் இறுக்கியையே மாற்றிவிட்டதால், வெளியேறும் அளவு மிகச் சொற்பமாகிவிட்டது. மற்றொரு வகையான கால்சியம் சிலிக்கேட் சீலர்கள் வெளியிடுவது ஃபார்மால்டிஹைடை அல்ல, கால்சியம் ஹைட்ராக்சைடை.

2004ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முதன்மையான ஆதாரமாக இருந்தது, தொழிற்கூடங்களில் அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களிடம் காணப்பட்ட பாதிப்பு. நம் உடலும் தன் இயல்பான வளர்சிதை மாற்றத்தில் இதை உருவாக்குகிறது. யாருடைய இரத்தத்திலும் லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிகிராம் இருந்துகொண்டே இருக்கும், அதை நொதிகள் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடுகின்றன. சிறு துளியளவுப் பசை இரண்டு நாள்கள் வெளியிடுவதை அந்தத் தொழிலாளர்களின் நிலையோடு ஒப்பிடுவது சரியன்று.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது வேறொரு பசையைப் பற்றி. என்2 அல்லது சார்ஜென்டி பசை எனப்படும் வகையில், ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பாராஃபார்மால்டிஹைடு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. வேரில் எஞ்சிய திசுவைப் பதப்படுத்தி வைப்பதே அதன் நோக்கம். அது உயிருள்ள திசுவையும் விட்டுவைக்காது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்நுனிக்குச் சற்றுக் கீழேதான் கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்வூட்டும் நரம்பு ஓடுகிறது. இந்தப் பசை வேர்நுனியைத் தாண்டி அங்கே இறங்கினால் எலும்பு அழுகலாம், உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம். அமெரிக்க வேர் சிகிச்சை வல்லுநர் சங்கம் இதன் பயன்பாட்டை வெளிப்படையாக எதிர்க்கிறது. நானும் எதிர்க்கிறேன்.

ஆகவே உங்கள் பல் மருத்துவரிடம் எந்தச் சீலர் பயன்படுத்தப்பட்டது என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்பதில் அவரைச் சந்தேகிப்பதாக ஒன்றும் இல்லை. சிகிச்சை முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயையும் காட்டச் சொல்லுங்கள். வேருக்குள் தெரியும் வெண்கோடு நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பாக முடிந்திருந்தால் நிறைவு. நுனிக்கு வெளியே வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தாலும் உடனே அஞ்ச வேண்டியதில்லை. சாதாரணச் சீலர் சிறிதளவு வெளியே வந்தாலும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆனால் கீழுதட்டிலோ தாடையிலோ மரத்த உணர்வு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால், பசை எதுவாயினும், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிகிச்சையன்று போட்ட ஊசியின் மரத்துப்போதல் சில மணி நேரத்தில் தெளிந்திருக்க வேண்டும்.

வலியின்றி மென்று தின்னப் பயன்படும் பல்லைப் பிடுங்கினால், அந்த இடத்துத் தாடை எலும்பு தேயத் தொடங்கும். அதை ஈடுசெய்யப் பொருத்தும் செயற்கைப் பல்லும் வேதிப்பொருளால் ஆனதுதான். பல்லின் மேல் இன்னும் உறை போடவில்லையென்றால் அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு நிறையும்போது மீண்டும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பு நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.