கோத்தன்பர்க் பையனும் டொரொண்டோ பெரியப்பாவும்

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதில் இருந்தே ஐஸ் ஹாக்கி. இப்போது கிளப்பில் அவன் வயதுக்காரர்களின் அணிக்கு அவன்தான் கேப்டன். மதிப்பெண்ணும் நன்றாகவே வருகிறது. மதுரையில் இருக்கும் தாய்மாமா, "ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் படிக்க வையுங்கள்" என்கிறார். டொரொண்டோ பெரியப்பாவோ, "ஹாக்கிதான் என்றால் கனடாவுக்கு அனுப்புங்கள், இங்கே ஒரு தனியார் அகாடமியில் சேர்த்துவிட்டால் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரை போகலாம்" என்கிறார். அப்பா கடன் வாங்கவும் தயார். பையன் மட்டும் வாயே திறப்பதில்லையாம்.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். நேராகவே சொல்கிறேன்: மாமா சொல்வதும் வேண்டாம், பெரியப்பா சொல்வதும் வேண்டாம். மாமாவுக்கு ஸ்வீடனின் படிப்பு முறை தெரியாது. பெரியப்பாவுக்கு ஸ்வீடனின் ஹாக்கி முறை தெரியாது.

மாமாவின் பயம் நம் ஊர்க் கணக்கில் வருவது. பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவ சீட் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்கிற கணக்கு. ஸ்வீடனில் அந்த அவசரம் இல்லை. ஹோக்ஸ்கூலெப்ரூவெட் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம், மதிப்பெண் 8 ஆண்டுகள் செல்லும். பல்கலைக்கழக இடங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அந்தத் தேர்வை வைத்தே நிரப்பப்படுகிறது. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் மருத்துவம் சேருகிறவர்களை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. உங்களைப் போல அங்கேயே குடியுரிமை பெற்றவர்களுக்குப் படிப்புக் கட்டணமும் கிடையாது. சில ஆண்டுகள் ஹாக்கி ஆடினால் டாக்டர் கதவு மூடிவிடும் என்பது வெறும் பயம்தான்.

பெரியப்பா கட்டாயம் லாண்டெஸ்கோக் பெயரை எடுப்பார். எடுக்கட்டும். ஸ்வீடன்காரரான காப்ரியல் லாண்டெஸ்கோக் 16 வயதில் கனடா ஜூனியர் லீக்குக்குப் போனார், 19 வயதில் என்.எச்.எல்.-லில் கொலராடோ அணியின் கேப்டன் ஆனார், 2022-ல் என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். எல்லாம் உண்மை. ஆனால் அவரை அந்த லீக்கின் அணி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. கூப்பிட்டுச் சேர்ப்பது வேறு, நாம் பணம் கட்டிச் சேர்வது வேறு. ஆண்டுக்குச் சில லட்சம் குரோனர் வாங்கும் அகாடமிக்கு உங்கள் மகன் ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். கடன் வாங்கி அனுப்புவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே லாண்டெஸ்கோக் கோப்பையைத் தூக்கிய பிறகு, முழங்கால் காயத்தால் 2025 வசந்தம் வரை என்.எச்.எல். ஆட்டம் ஒன்றுகூட ஆட முடியவில்லை. ஒப்பந்தம் கையில் இருந்ததால் அவர் தாங்கினார். பதினேழு வயதில், கடனோடு, அப்படி ஒரு முழங்கால் வந்தால் உங்கள் வீடு தாங்குமா?

அவசரமும் தேவையில்லை. டெட்ராய்ட்டின் கேப்டனாக 2008-ல் ஸ்டான்லி கோப்பை வென்ற நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், ஒட்டாவாவின் கேப்டனாக ஆண்டுக்கணக்கில் இருந்த டேனியல் ஆல்ஃப்ரெட்சன், டெட்ராய்ட்டின் அடுத்த கேப்டன் ஹென்ரிக் செட்டர்பெரி, மூவருமே ஸ்வீடன் கிளப்புகளில் ஆடி, இருபது வயதைத் தாண்டிய பிறகே கடல் கடந்தவர்கள். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஆல்ஃப்ரெட்சன் 133-வது, செட்டர்பெரி 210-வது. பட்டியலில் இவ்வளவு பின்னால் இருந்தவர்கள்தான் பின்னாளில் கேப்டன் ஆனார்கள்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட வராத வழி ஒன்று இருக்கிறது. அதுதான் ஹாக்கி ஜிம்னாசியம். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு வரும் மூன்று ஆண்டு மேல்நிலைப் படிப்பையே, தேசிய அனுமதி பெற்ற விளையாட்டுக் கல்வியோடு சேர்த்துப் படிப்பது. என்.ஐ.யூ. என்பார்கள். ஹாக்கிச் சங்கத்தின் ஒப்புதலோடு, ஊர் கிளப்பும் பள்ளியும் சேர்ந்து நடத்துகின்றன. காலையில் பள்ளி நேரத்திலேயே பயிற்சியாளரோடு பனித்தளத்தில் இறங்குவான்; தலை ஈரம் காயாமல் வேதியியல் வகுப்பில் உட்காருவான்; சாயங்காலம் கிளப்பின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியோடு மறுபடி பயிற்சி; வார இறுதியில் பேருந்தில் வெளியூர் ஆட்டம். ஹாக்கி அங்கே ஒரு பாடம். உடற்பயிற்சி அறிவியல், காயத் தடுப்பு, மனப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம், அதற்கும் மதிப்பெண் உண்டு.

முக்கியமான இடம் இதுதான்: இயற்கை அறிவியல் பிரிவையும் ஹாக்கியையும் ஒன்றாகத் தருகிற பள்ளிகள் இருக்கின்றன. மருத்துவத்துக்குத் தேவையான இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் அந்தப் பிரிவிலேயே வந்துவிடும். எல்லாப் பள்ளியும் எல்லாப் பிரிவையும் ஹாக்கியோடு தருவதில்லை, அதனால் பள்ளிப் பெயருக்கு முன் பிரிவைக் கேளுங்கள். விருப்பப் பாடத்துக்கான நேரத்தை ஹாக்கி எடுத்துக்கொள்ளும், பையன் கூடுதல் பாடம் எடுப்பது கஷ்டம். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பணம்? பள்ளிக் கட்டணம் இல்லை. மாணவர் உதவித்தொகையாக மாதம் 1250 குரோனர் வருகிறது. வெளியூரில் தங்கிப் படித்தால் தங்குமிட உதவிக்கும் வழி உண்டு. பள்ளி நகராட்சியுடையதா தனியாருடையதா என்பதைப் பொறுத்து விண்ணப்பிக்கும் இடம் மாறும், முன்கூட்டியே விசாரியுங்கள். ஸ்கேட், மட்டை, பயண வாடகை உங்கள் கையில் இருந்துதான் போகும். அதுவே போதுமான செலவு.

சின்ன ஊர் என்று முகம் சுளிக்காதீர்கள். வடக்கே ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்று ஒரு சிற்றூர். அங்கே வளர்ந்த மார்க்குஸ் நாஸ்லுண்டும் ஹென்ரிக் செடினும் வான்கூவருக்குக் கேப்டன் ஆனார்கள். அதே ஊர் விக்டர் ஹெட்மன் 2024-ல் டம்பா பே கேப்டன் ஆனார்.

ஆனால் உங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டியது ஜோயல் லுண்ட்க்விஸ்ட்டின் கதையை. ஜோயலும் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டும் இரட்டையர், 1982-ல் பிறந்தவர்கள். என்.எச்.எல். அணிகளின் 2000-ம் ஆண்டுத் தேர்வுப் பட்டியலில் ஜோயல் 68-வது, கோல்கீப்பர் ஹென்ரிக் 205-வது. கடைசியில் நியூயார்க்கின் நட்சத்திரம் ஆனது ஹென்ரிக். ஜோயல் டல்லஸில் மூன்று பருவம் ஆடிவிட்டு 2009-ல் உங்கள் ஊர் ஃப்ரோலுண்டா கிளப்புக்கே திரும்பினார். நம் சொந்தக்காரர்கள் இருந்திருந்தால் "தோற்றுப்போய் வந்துவிட்டான்" என்றிருப்பார்கள். அவர் கேப்டனாக இருந்து 2016-லும் 2019-லும் ஸ்வீடன் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் நான்கு முறை. 2017 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கனடாவை வென்ற ஸ்வீடன் அணிக்குக் கேப்டன் ஜோயல், கோலில் ஹென்ரிக். 2023 வரை, நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். ஐரோப்பாவில் ஹாக்கி ஆடி, சொந்த ஊரில் மரியாதையோடு வாழ முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கேப்டன் என்றால் அதிக கோல் அடிப்பவன் இல்லை. ஒருவன் களத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு பெஞ்சுக்கு வருகிறான். பக் என்கிற ரப்பர் வட்டைத் தவறவிட்டதால் எதிரணி கோல் போட்டிருக்கிறது. அந்தப் பையன் தோளில் மட்டையால் லேசாகத் தட்டி "அடுத்தது பார்" என்று சொல்ல வேண்டியவன் கேப்டன். நடுவரிடம் கத்தாமல் கேட்க வேண்டியவனும் அவன்தான். இதைப் பதினைந்து வயதில் செய்கிற உங்கள் மகன் வீட்டில் ஏன் வாய் திறப்பதில்லை என்று யோசித்தீர்களா? அவனைக் கேட்காமலே மூன்று நாடுகளில் இருந்து முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலைப் பயிற்சிக்கு அவனாக எழுகிறானா, நீங்கள் எழுப்புகிறீர்களா? இந்த ஒரு பதிலை எனக்கு எழுதுங்கள். நீங்கள்தான் எழுப்புகிறீர்கள் என்றால் ஹாக்கி ஜிம்னாசியமும் வேண்டாம், சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டு கிளப்பில் ஆடட்டும். தலையில் அடிபட்டு மயக்கம் வந்தது என்றாலும் மருத்துவர் சொல்லாமல் பனியில் இறக்காதீர்கள், எந்த ஆட்டமானாலும் சரி.

அவனாக எழுகிறான் என்றால், இந்த இலையுதிர் காலத்திலேயே கிளப் பயிற்சியாளரைப் பாருங்கள், ஹாக்கி விண்ணப்பம் பொதுவான பள்ளித் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். அப்புறம் அவன் கையில் பட்டியலைக் கொடுத்து, பள்ளிகளை அவனையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அந்த வரிசையை மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் விண்ணப்பம் போன பிறகு காட்டினால் போதும்.