கலப்பினம்தான் லாபம் என்றால், அமெரிக்க இறைச்சி மாடுகள் ஏன் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கின்றன?

கறுப்புத் தோல் உள்ள மாட்டுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது, அதுதான் காரணம். ஆங்கஸ் என்பது ஒரு கறுப்பு இறைச்சி மாட்டினம். 1978-இல் அமெரிக்க ஆங்கஸ் சங்கம் 'சர்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்' என்ற முத்திரையைத் தொடங்கியது. பெயரைப் பார்த்தால் தூய ஆங்கஸ் கறி என்றே தோன்றும். ஆனால் முதல் சல்லடையில் பார்ப்பது, தோலில் பாதிக்கு மேல் கறுப்பா என்பதைத்தான். கறியின் கொழுப்பு வரிகளை எல்லாம் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

கறுப்பு மரபணு செவலை நிறத்தை அமுக்கிவிடும். அதனால் சுவிட்சர்லாந்தில் செவலையும் வெள்ளையுமாக இருந்த சிமெண்டால் இனம், அமெரிக்காவில் ஆங்கஸோடு சேர்ந்து பெரும்பாலும் காரியாகவே மாறிவிட்டது.

சரி, கலப்பில் அப்படி என்ன இருக்கிறது? செவலை ஹெர்ஃபோர்டு இனப் பசுவுக்கு ஆங்கஸ் காளையைச் சேர்த்தால் உடம்பு கரிக்கட்டையாய், முகம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாய் ஒரு கன்று பிறக்கும். 'பிளாக் பால்டி' என்பார்கள். அந்தக் கிடேரி வளர்ந்து தாயானால்தான் உண்மையான லாபம்: சீக்கிரம் சினைபிடிக்கும், பால் நன்றாகக் கொடுக்கும், அதிக வருடம் மந்தையில் நிற்கும். கலப்புப் பசு கலப்புக் கன்றை வளர்க்கும்போது, சினைக்கு விட்ட பசு ஒன்றுக்குக் கிடைக்கும் பால்மறந்த கன்றின் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடியதை நெப்ராஸ்காவில் உள்ள அரசு ஆராய்ச்சி மையம் காட்டியிருக்கிறது.

தலைமுறைதோறும் ஆங்கஸ் மேலேயே ஆங்கஸ் சேர்த்தால் கலப்பில் வரும் இந்த வீரியம் கரைந்துபோகும். ஏலத்தில் கன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை உடனே கண்ணில் படுகிறது. சினைபிடிக்காமல் கழிக்கப்படும் பசுவின் நஷ்டத்தை யாரும் அதே சீட்டில் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.