குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: வீட்டில் எங்கே தேடுவது?

தருமபுரியில் பழைய ஓட்டு வீட்டில் வளரும் தங்கள் இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் இருப்பதாகக் கூறி, அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 5 மைக்ரோகிராமை எட்டினாலே மூலத்தைக் கண்டறிந்து அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் கவலை நியாயமானது.

முதலில் அடுப்படியைப் பாருங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அதில் காரீயம், அதாவது ரத்தத்தில் தென்பட்ட அதே ஈயம், கலந்திருந்தால், கொதிக்கும் புளிக்கரைசல் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும், பார்வைக்கோ மணத்துக்கோ அது தெரியவே தெரியாது. பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த பாத்திரங்கள் மீதும், வெள்ளீயம் பூசிய பித்தளை மீதும் எனக்கு இதே ஐயம் உண்டு. பரிசோதித்துத் தெளியும் வரை எவர்சில்வரிலேயே சமையுங்கள்.

அடுத்தது பெயிண்ட். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் அடித்த பெயிண்ட், கதவு நிலையில் உரசி உரசிப் பொடியாக உதிர்ந்து, குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகக்கூடும். அதைச் சுரண்டாதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கண்மை, உதிரியாக வாங்கும் மஞ்சள்தூள் ஆகியவற்றிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றையும் நிறுத்திவையுங்கள். வீட்டில் யாரேனும் பழைய பேட்டரி உடைக்கும் வேலைக்குப் போனால், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். முதல் பரிசோதனை விரல்நுனி ரத்தத்தில் செய்யப்பட்டிருந்தால், சிரை ரத்தத்தில் மீண்டும் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.