மூன்று வேலையும் ஒன்றாக நின்றால், போர்டை மாற்றும் முன் மெஷினின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மேலே மூடி திறக்கும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் தண்ணீர் நிரம்புகிறது, விளக்குகள் எரிகின்றன, ஆனால் துணியைத் துவைக்கவில்லை, தண்ணீரை வெளியேற்றவில்லை, ஸ்பின்னும் ஆகவில்லை. மெஷினின் வேலைகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான போர்டு போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இதே மூன்று கோளாறும் ஒரே நாளில் எங்கள் வீட்டு மெஷினிலும் வந்தன. நாங்கள் பயந்துபோய்ப் புதிய போர்டு வாங்கிப் பொருத்தினோம். மெஷின் முன்பு இருந்தபடியேதான் இருந்தது.

இவ்வகை மெஷின்களில் தண்ணீரை உள்ளே விடும் வால்வும், நீர்மட்டத்தை உணரும் சென்சாரும், போர்டும் பெரும்பாலும் மேற்பகுதியில் அமைந்திருக்கும். பெரிய மோட்டார், பெல்ட், கிளட்ச், கழிவுநீரை வெளியேற்ற உதவும் டிரெயின் மோட்டார் ஆகியவை தொட்டிக்கு அடியில் இருக்கும். இவற்றில் டிரெயின் மோட்டார் ஒரே இழுப்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கழிவுநீர் வால்வைத் திறப்பது ஒன்று. கிளட்சின் நெம்புகோலை நகர்த்தி, துவைக்கும்போது அடித்தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்த நிலையை மாற்றி டிரம் முழுவதும் சுற்றும்படி செய்வது மற்றொன்று. தண்ணீர் வெளியேறிவிட்டது என்று சென்சார் தெரிவிக்காதவரை போர்டும் ஸ்பின்னைத் தொடங்காது. எனவே டிரெயின் நின்றாலே ஸ்பின்னும் நின்றுவிடும். அதைத் தனிக் கோளாறாக எண்ண வேண்டியதில்லை.

உங்கள் மெஷினில் மேற்பகுதியின் வேலை நடக்கிறது, கீழ்ப்பகுதியின் வேலை எதுவும் நடக்கவில்லை. போர்டு பழுதானாலும் இப்படி ஆகலாம்தான்; ஆனால் மேலிருந்து கீழே போகும் வயர்கள் அறுந்தாலும் அச்சாக இப்படியேதான் இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். தரைத்தள வீடு, மழைக்காலம், மெஷினின் அடிப்பக்கம் திறந்த நிலை. எலி உள்ளே புகுந்து, பெரிய மோட்டாருக்கும் டிரெயின் மோட்டாருக்கும் போகும் வயர்க்கற்றையை ஒரே இடத்தில் கடித்துத் துண்டித்திருந்தது. இரண்டாவதாக வந்த வயதான மெக்கானிக் எந்தப் பாகத்தையும் கழற்றாமல், முதலில் மெஷினைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தார். எலிப் புழுக்கையும் செம்புக் கம்பியின் நுனிகளும் உடனே கண்ணில் பட்டன.

நீங்களும் சாய்த்துப் பார்க்கலாம், ஆனால் சில எச்சரிக்கைகளை அவசியம் பின்பற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கடிபட்ட வயர் மெஷினின் தகர உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். எர்த் இணைப்பு இல்லாத வீடுகளில் இது உயிருக்கே ஆபத்து. அடுத்து, தொட்டியில் உள்ள தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியேற்றுங்கள். வால்வு மூடிக்கிடக்கும்போது ஹோஸைக் கீழே இறக்கி வைத்தாலும் தண்ணீர் வராது. 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ எடை, அதனுடன் சாய்ப்பது நடக்காத காரியம். பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து, பழைய தலையணை ஒன்றை இடையில் வைத்து, மெஷினைச் சுவரில் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மோட்டாருடன் இணைந்து அதைச் சுற்றத் தொடங்கவைக்கும் உருளை வடிவக் கண்டன்சரின் முனைகளை மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும்.

வயர்கள் முழுசாக இருந்தால் பெல்ட்டைக் கவனியுங்கள். அது கழன்று விழுந்திருந்தாலோ, தேய்ந்து பளபளவென்று வழுக்கினாலோ, மோட்டார் சுற்றினாலும் துணி அசையாது. ரப்பர் கருகிய வாடை இருந்தால் ஐயமே வேண்டாம். பெல்ட்டும் சரியாக இருந்தால் மெஷினை நேராக நிறுத்தி, துணியில்லாமல் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துவைக்கும் புரோகிராமை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றால் பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும், அதை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். எந்தச் சத்தமுமே இல்லையென்றால் பெரும்பாலும் மின்சாரமே அங்கே வந்து சேரவில்லை என்று பொருள்.

அதன் பின் ஸ்பின்னை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். தண்ணீர் வெளியேறி டிரம்மும் சுற்றினால் கீழ்ப்பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது. அப்போது நீர்மட்ட சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயைத்தான் பார்க்க வேண்டும். அது கழன்றிருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ, தொட்டி நிரம்பியது மெஷினுக்குத் தெரியாது. துவைப்பு தொடங்காமல் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். டிரெயின் மோட்டார் இழுக்கும் சத்தம் கேட்டும் தண்ணீர் போகவில்லையென்றால், வால்விலோ ஹோஸிலோ காசு, ஊக்கு, நூல் பிசிறு ஏதேனும் அடைத்திருக்கும். தண்ணீர் போய்விட்டது, ஸ்பின் மட்டும் இல்லை என்றால் மூடியின் சுவிட்சையும், துணி ஒரே பக்கமாகக் குவிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பக்கக் கதவு உள்ள மெஷின்களுக்கு இவ்வளவும் பொருந்தாது. அவற்றில் கழிவுநீருக்குப் பம்ப் உண்டு, முதலில் அதன் ஃபில்டரைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வயர்தான் அறுந்திருக்கிறது என்றால், முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். அந்த இடம் எப்போதும் ஈரமாக இருப்பதால் டேப் சீக்கிரமே பிரிந்துவிடும். ஒவ்வொரு வயரையும் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள். எங்கள் மெஷினுக்கு அந்த ஒரு மணி நேர வேலையே போதுமானதாக இருந்தது. பழைய போர்டைத் திரும்பப் பொருத்தியபோது அதுவும் குறையின்றி ஓடியது. அன்றே மெஷினின் அடியில் சிறு கண்ணுள்ள இரும்பு வலையும் அடித்துக்கொண்டோம். நீங்களும் வலை அடித்தால், பெல்ட் சுற்றும் சக்கரத்தில் அது உரசாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள், கழிவுநீர் ஹோஸ் வெளியே வரும் ஓட்டையைச் சுற்றியும் வலை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலி அந்த வழியாகவும் நுழைந்துவிடும்.