பெரிய கோயில் உச்சியில் ஒரு கடிகாரம்: இடம், காலம் பற்றிய கேள்வி பதில்

தஞ்சாவூரில் இடமும் காலமும் பற்றி ஓர் இயற்பியல் உரை. ஐன்ஸ்டீனின் சார்பியலை விளக்கிய அதன் சாரம் இதுதான்: உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே காலம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கடிகாரமும் தான் இருக்கும் உயரத்துக்கும் போகும் வேகத்துக்கும் ஏற்பத் தன் காலத்தையே எண்ணுகிறது. உரைக்குப் பின் டெல்டா ஊர்க்காரர்கள் கேட்டவையும் உரையாற்றியவர் சொன்ன பதில்களும் கீழே.

கும்பகோணம், பள்ளி ஆசிரியை: திருவிசநல்லூர் சிவன் கோயில் சுவரில் உள்ள சூரியக் கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. நீங்கள் சொன்ன சார்பியல்தான் காரணமா?

இல்லை அம்மா, அது தீர்க்கரேகைக் கணக்கு. நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம், அதாவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். கும்பகோணம் இருப்பது 79.4 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், நமக்கு உச்சிப்பொழுது சராசரியாக 12.12-க்குத்தான். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் உச்சியும் நகரும். பிப்ரவரி நடுவில் 12.26 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.56-க்கே வந்துவிடும்.

பிள்ளைகளை வைத்து மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். குச்சியின் நீளத்தையே ஆரமாக வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். நிழல் நுனி காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை வட்டத்தைத் தொடும். அந்த இரு புள்ளிகளுக்கு நடுவையும் குச்சியின் அடியையும் சேர்த்தால் வடக்கு தெற்குக் கோடு. நிழல் அதன் மேல் விழும் நேரம்தான் உங்கள் ஊர் உச்சி. தப்பு வருவது நுனியில். சூரியன் அரை டிகிரி அகலமுள்ள தட்டு; ஆகவே நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கித் தெரியும். குச்சியின் தலையில் 3 மில்லிமீட்டர் துளையிட்ட அட்டையைச் செருகி, தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறித்தால் சரியாக வரும். துளை, குச்சியின் அடிக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: சார், உயரத்தில் காலம் வேகமாக ஓடும் என்றீர்கள். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் எவ்வளவு வேகம்?

நல்ல கேள்வி தம்பி, போட்டுப் பார்ப்போம். உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் சுமார் 60 மீட்டர் என்று வைத்தால், ஓர் ஆண்டில் உச்சிக் கடிகாரம் தரைக் கடிகாரத்தை 0.2 மைக்ரோ செகண்ட் முந்தும். கோயில் கட்டி முடிந்த 1010-லேயே இரண்டு கடிகாரங்களை வைத்திருந்தால், இன்றைக்கு வித்தியாசம் 0.2 மில்லி செகண்ட். கண் இமைக்க அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நேரம் ஆகும்.

இதைச் செய்து பார்க்கிறேன் என்று ஊசல் கடிகாரத்தை மேலே தூக்கிப் போய்விடாதீர்கள். அது தலைகீழான விடையைத் தரும்! மேலே ஈர்ப்பு ஒரு துளி குறைவு, ஊசல் மெதுவாக ஆடும், நாளொன்றுக்கு 0.8 விநாடி பின்தங்கும். நாம் தேடுவதைவிட இது ஏறத்தாழ 140 கோடி மடங்கு பெரிய விளைவு, அதுவும் எதிர்த்திசையில். அது கருவியின் கோளாறு. சார்பியல் சொல்வது கருவியைப் பற்றியே அல்ல. மேலே வைத்த விதைநெல் முளைப்பதும், அங்கே நிற்பவருக்கு நகம் வளர்வதும் அதே விகிதத்தில் முந்தும். குவார்ட்ஸ் கைக்கடிகாரமும் உதவாது, வெயில் பட்டாலே அதன் ஓட்டம் மாறும். 1960-ல் பவுண்ட், ரெப்கா என்ற இயற்பியலாளர்கள் ஹார்வர்டில் 22.5 மீட்டர் கோபுரத்தில் இரும்பு-57-இன் காமா கதிரை வைத்து இந்த உயர விளைவை அளந்தார்கள். 2010-ல் அமெரிக்காவில் அலுமினிய அயனியை வைத்து ஓடும் அணுக் கடிகாரங்கள் வெறும் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தையே காட்டிவிட்டன.

நாகப்பட்டினம், விசைப்படகுக்காரர்: சார்பியலைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஜிபிஎஸ் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தப்பாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா அண்ணே?

பாதி உண்மை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. உயரத்தால் அதன் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ செகண்ட் முந்தும், வேகத்தால் 7 பிந்தும், நிகரம் 38. ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும். ஆனால் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவில் முந்தினால், ரிசீவர் அதில் பெரும்பகுதியைத் தன் கடிகாரப் பிழையாக எண்ணிக் கழித்துவிடும். அட்சம், தீர்க்கம், உயரம், தன் கடிகாரப் பிழை என்று நான்கையும் கண்டுபிடிக்கத்தான் அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. ஆகவே படகு 11 கிலோமீட்டர் தள்ளித் தெரியும் என்பது மிகைப்படுத்தல். என்றாலும் திருத்தம் இல்லாமல் அந்த அமைப்பு ஓடாது. அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கடிகாரத்தைத் தரையிலேயே 10.22999999543-க்குக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் படகில் இடம் தப்பாகக் காட்டினால் சார்பியலைத் தேடாதீர்கள். முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் சிக்னல் மறையும், பக்கத்து இரும்பில் பட்டுத் திரும்பியும் வரும். வானம் முழுக்கத் தெரியும் இடத்துக்கு ஏற்றுங்கள். நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்கு மேல்வானத்தில் மின்னூட்டம் கொண்ட அயனி மண்டலம் கலங்கிச் சிக்னல் தடுமாறுவதும் உண்டு. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் கொஞ்சம் தாராளமாகவே தள்ளி நில்லுங்கள்.

மன்னார்குடி, பிளஸ் டூ மாணவி: ஓடும் ரயில் நீளத்தில் குறையுமாமே?

குறையும் அம்மா, தண்டவாளத்தில் நின்று அளப்பவருக்கு. 400 மீட்டர் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால், ஓர் அணுவின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் குறையாது.

திருவாரூர், ஓய்வுபெற்ற அலுவலர்: கடந்த காலத்துக்குப் போக முடியுமா?

அதற்குச் சோதனை ஆதாரம் எதுவும் இல்லை ஐயா. எதிர்காலத்துக்கு முந்திப் போவது நடந்துகொண்டே இருக்கிறது: சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருபவர் நம்மைவிட ஏறத்தாழ 0.0045 விநாடி இளமையாக இறங்குகிறார்.

மயிலாடுதுறை, இயற்பியல் ஆசிரியர்: காலம் நீள்வதற்கு வகுப்பில் கண்ணால் காட்டக்கூடிய சான்று ஏதாவது?

மியூவான். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் துகள். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்ட். ஒளிவேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனாலும் விரித்த உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. நம் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடுவதால்தான் தரைவரை வந்து சேருகிறது.

பார்க்க மேகக்கூடம் செய்யுங்கள்; துகள் போன தடத்தை மூட்டக் கோடாகக் காட்டும் பெட்டி அது. சின்ன மீன் தொட்டி ஒன்று. உள் அடியில் கம்பளித் துணியை ஒட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். தொட்டியைக் கறுப்புப் பூசிய உலோகத் தட்டின் மேல் கவிழ்த்து, விளிம்பைக் களிமண்ணால் அடையுங்கள். தட்டுக்கு அடியில் உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடித்து, 10, 15 நிமிடம் காத்திருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: விளிம்பில் காற்றுக் கசிவு, அல்லது 70 சதவீத சானிடைசரை ஊற்றியது. அதில் தண்ணீர் இருக்கிறது. 99 சதவீதம் வேண்டும். தட்டை ஒட்டித் தூறல் போல மூட்டம் இறங்கத் தொடங்கியதும் கோடுகள் விழும். குட்டையாகத் தடித்தவை, காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு விடும் ஆல்பா துகள்கள். நூல் பிடித்தது போல நேராக, மெலிசாக, நீளமாக ஓடுபவற்றில் பெரும்பாலானவை மியூவான்கள்.